நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதா? பழைய வேலையையும் டாக்டரிடம் சொல்லுங்கள்

"மாடி ஏறினா மூச்சு வாங்குது. வயசாயிடுச்சுல்ல, அதான்." இப்படிச் சொல்லும் அப்பாவோ தாத்தாவோ உங்கள் வீட்டில் இருக்கிறாரா? அவர் 30, 40 வருடங்களுக்கு முன்பு அம்பத்தூர் எஸ்டேட்டிலோ, ஆவடியிலோ, பூந்தமல்லிப் பக்கம் ஒரு பட்டறையிலோ வேலை பார்த்தவரா? அப்படியானால் இந்தக் கட்டுரையை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்த பிறகு, சென்னையின் மேற்குப் பகுதி முழுவதும் இயந்திரத் தொழில் பரவியது. வாகன உதிரிபாகம், வார்ப்படம், லேத், பாய்லர், லாரி மெக்கானிக் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்த வேலைகளை நம்பி வாழ்ந்தன. அந்தக் காலத்தில் இந்தத் தொழில்கள் பலவற்றில் சூடு தாங்கவும் உராய்வு தாங்கவும் ஆஸ்பெஸ்டாஸ் என்ற பொருள் சர்வசாதாரணமாகப் பயன்பட்டது. 1985ல் 20 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் இன்று 60 வயதைத் தொட்டிருப்பார். அன்று சுவாசித்த தூசி நோயாக வெளிப்படும் காலமும் ஏறக்குறைய இதுதான்.

அந்த நோய்களில் மிகக் கடுமையானது நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய். மருத்துவப் பெயர் மீசோதீலியோமா. இது அரிதான நோய். மூச்சு வாங்கும் எல்லோருக்கும் இது இருக்கும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அரிதானது என்பதாலேயே வேறு நோய் என்று எண்ணி மாதக்கணக்கில் காலம் போய்விடுகிறது. அதைத் தவிர்க்க உங்களால் முடிந்த ஒரு உதவி உண்டு. பழைய வேலையை டாக்டரிடம் நீங்களாகவே சொல்வதுதான் அது.

ஆஸ்பெஸ்டாஸ் உடலில் என்ன செய்கிறது?

ஆஸ்பெஸ்டாஸ் மண்ணிலிருந்து எடுக்கப்படும் ஒரு கனிமம். கல்தான், ஆனால் பஞ்சு மாதிரி நார் நாராகப் பிரியும். அதனால்தான் தமிழில் இதற்குக் கல்நார் என்று பெயர். வெள்ளை, பழுப்பு, நீலம் எனப் பல வகைகள் உண்டு. எல்லா வகையுமே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

இந்த நார்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியவை. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலின் அடி ஆழம் வரை போகும். சில அங்கிருந்து நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய இரட்டை உறை வரை போய்ச் சேரும். உடலால் இவற்றைக் கரைக்கவும் முடிவதில்லை, முழுவதுமாக வெளியேற்றவும் முடிவதில்லை. நார் இருக்கும் இடத்தில் வருடக்கணக்கில் அழற்சி நீடிக்கிறது. 20 முதல் 50 ஆண்டுகள் கழித்து, சிலருக்கு அந்த உறையில் புற்றுநோய் தொடங்குகிறது.

வேலையை விட்டு எத்தனை வருடமானாலும் இந்த ஆபத்து முழுவதுமாக நீங்குவதில்லை. "ரிட்டயர் ஆகி பத்து வருஷம் ஆச்சு, இனிமே என்ன?" என்று நினைத்துவிட வேண்டாம்.

யாரெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?

கீழ்க்கண்ட வேலைகளில் எதையாவது, குறிப்பாக 1970களிலிருந்து 2000 வரை, நீங்களோ உங்கள் வீட்டாரோ செய்திருந்தால் கவனம் தேவை:

• பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட் தயாரித்தல், துளையிடுதல், தேய்த்தல்
• லாரி, பஸ், ஆட்டோ மெக்கானிக் வேலை. குறிப்பாக பிரேக் டிரம்மில் படிந்த தூசியை ஏர் அடித்து ஊதியவர்கள்
• பாய்லர், ஃபர்னஸ், ஸ்டீம் பைப் ஆகியவற்றுக்கு வெப்பக் காப்பு சுற்றுதல், பழையதைப் பிரித்தல்
• கேஸ்கெட் வெட்டுதல், ஆஸ்பெஸ்டாஸ் கயிறு, துணி, கையுறை பயன்படுத்துதல்
• சிமென்ட் ஷீட், சிமென்ட் பைப் தயாரிக்கும் ஆலையில் வேலை
• கூரை ஷீட்டை வெட்டுதல், துளையிடுதல், பழைய கட்டடத்தை இடித்தல்
• பழைய கப்பல், பழைய இயந்திரம் உடைக்கும் வேலை

இன்னொரு பட்டியலும் உண்டு. அதில் இருப்பவர்கள் தொழிற்சாலைக்குள் கால் வைத்திருக்கவே மாட்டார்கள். கணவரின் தூசி படிந்த யூனிஃபார்மை உதறி, ஊறவைத்து, துவைத்த மனைவி. வேலை முடிந்து வந்த அப்பாவின் மடியில் ஏறி உட்கார்ந்த குழந்தை. வீட்டுக்கு வந்த தூசியாலேயே இந்த நோய் வந்தவர்கள் பல நாடுகளின் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். எனவே அம்மாவுக்கு மூச்சு வாங்கினாலும் அப்பாவின் வேலையைச் சொல்லுங்கள்.

புகைபிடிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. மீசோதீலியோமா புகையால் வருவதில்லை. "நான் பீடி, சிகரெட் தொட்டதே இல்லை, எனக்கு எப்படி வரும்?" என்ற வாதம் இங்கே செல்லாது. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் தூசியும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் ஆபத்து பல மடங்கு கூடும். ஆகவே இந்த வேலைகள் செய்தவர்கள் இன்றே புகையை விடுவது நல்லது.

அறிகுறிகள் என்ன?

1. மூச்சு வாங்குதல். பெரும்பாலும் இதுதான் முதல் அறிகுறி. உறையின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே நீர் கோத்து நுரையீரலை அமுக்குவதால் வருகிறது. சில மாதம் முன்பு ஸ்டேஷன் மேம்பாலத்தைச் சிரமமில்லாமல் ஏறியவர், இப்போது பாதியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்றால், அந்த மாற்றத்தைக் கவனியுங்கள்.

2. ஒரு பக்க நெஞ்சு வலி. விலா எலும்பின் ஓரம், முதுகு, தோள்பட்டை என்று ஒரே பக்கத்தில் மந்தமாக, விடாமல் வலிக்கும். மூச்சை இழுத்தால் கூடலாம். "வாயுப் பிடிப்பு" என்று தைலம் தேய்த்தே வாரங்கள் ஓடிவிடும்.

3. வறட்டு இருமல். சளி அதிகம் வராது. ஆனால் இருமல் விடாது.

4. உடல் இளைத்தல், சோர்வு. காரணமில்லாமல் எடை குறையும், பசி இருக்காது. சிலருக்கு இரவில் வேர்க்கும், லேசான காய்ச்சல் வந்து போகும்.

5. குரல் கம்முதல், விழுங்கச் சிரமம், நெஞ்சில் கட்டி தட்டுப்படுதல். இவை பெரும்பாலும் நோய் முற்றிய பிறகு வருபவை.

6. வயிறு உப்புதல். இதே நோய் வயிற்று உறையிலும் வரலாம். அப்போது வயிற்றில் நீர் கோத்து உப்பும், வலிக்கும், மலம் கழிப்பதில் மாற்றம் வரும்.

இவற்றில் எதுவும் இந்த நோய்க்கு மட்டுமே உரிய அறிகுறி அல்ல. இதய நோய், ஆஸ்துமா, நிமோனியா, டி.பி. எல்லாவற்றிலும் இவை வரும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். திடீரென்று மூச்சு முட்டினாலோ, கடுமையான நெஞ்சு வலி வந்தாலோ உடனே 108ஐ அழையுங்கள்.

டி.பி.யா, இதுவா?

நம் ஊரில் நெஞ்சில் நீர் கோத்தால் டாக்டர்கள் முதலில் சந்தேகிப்பது டி.பி.யைத்தான். அது சரியான சந்தேகமே. இங்கே டி.பி. அதிகம், அது மாத்திரையில் குணமாகும் நோய். சிக்கல் எங்கே வருகிறது என்றால், மாத்திரை சாப்பிட்டும் நீர் குறையாதபோது.

இந்த நோய்க்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் உள்ள தொடர்பு உலகுக்குத் தெரிய வந்ததே இப்படித்தான். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரில் ஒரு டி.பி. மருத்துவமனை. அதை நடத்திய டாக்டர் ஸ்லெக்ஸ் 1950களில் ஒன்றைக் கவனித்தார். நெஞ்சில் நீர் கோத்து வரும் நோயாளிகளில் ஒரு சாராருக்கு டி.பி. மருந்து கொடுத்தால் குணமாகிறது. நகருக்கு மேற்கே உள்ள பகுதியிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் குணமாவதில்லை. மேற்கே இருந்தவை நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கங்கள். நோய்க்கூறியல் நிபுணர் வாக்னர், மருத்துவர் மார்ஷண்ட் ஆகியோருடன் சேர்ந்து அவர் 1960ல் 33 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டார். அதில் சுரங்கத்தில் வேலையே செய்யாமல், சிறு வயதில் சுரங்கத்துக்கு அருகே வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். "நீங்கள் எந்த ஊர், என்ன வேலை பார்த்தீர்கள்?" என்ற கேள்விதான் அந்த உண்மையை வெளியே கொண்டுவந்தது.

எனவே இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் மறுபடி கேளுங்கள்:

• டி.பி. சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களாகியும் நீர் குறையவில்லை
• ஊசி போட்டு நீர் எடுத்த பிறகு திரும்பத் திரும்ப நீர் சேர்கிறது
• எடுத்த நீர் இரத்தம் கலந்து சிவப்பாக இருக்கிறது

ஒரு எச்சரிக்கை: "எனக்கு டி.பி. இல்லை" என்று நீங்களாக முடிவு செய்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பாதியில் நிறுத்தினால் டி.பி. மருந்துக்கு அடங்காமல் போகும். மாத்திரையைத் தொடர்ந்தபடியே அடுத்த பரிசோதனையைக் கேளுங்கள்.

என்ன பரிசோதனைகள் செய்வார்கள்?

முதலில் நெஞ்சு எக்ஸ்ரே. நீர் தெரிந்தால் ஸ்கேன் பார்த்து, ஊசி மூலம் நீரை எடுத்துப் பரிசோதிப்பார்கள். அடுத்து சி.டி. ஸ்கேன். அதில் உறை தடித்திருக்கிறதா என்று தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். மீசோதீலியோமா இருந்தாலும், எடுத்த நீரில் புற்றுநோய்ச் செல் தென்படாமல் போவது சாதாரணம். "தண்ணி டெஸ்ட்ல ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க" என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. சந்தேகம் தீராவிட்டால் உறையிலிருந்தே ஒரு சிறு துணுக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். அதுதான் பயாப்ஸி. விலா எலும்புகளுக்கு நடுவே சிறு துளை வழியாகக் குழாய்க் கேமராவை விட்டு, உறையை நேரில் பார்த்தே துணுக்கை எடுக்கும் முறையும் உண்டு. பயாப்ஸி செய்தால் நோய் பரவிவிடும் என்று பயந்து மறுப்பவர்கள் இருக்கிறார்கள். இது இல்லாமல் நோயை உறுதி செய்யவும் முடியாது, சரியான சிகிச்சையைத் தொடங்கவும் முடியாது.

ஆஸ்பெஸ்டாஸால் உறையில் தழும்பு மட்டும் விழுந்திருக்கலாம். அது புற்றுநோய் அல்ல. நுரையீரலே நார் பிடித்து இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸும் புற்றுநோய் அல்ல, ஆனால் தொடர் கண்காணிப்பு தேவை. எது என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும்.

எங்கே போகலாம்?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது ஆவடி, பூந்தமல்லி அரசு மருத்துவமனை. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் தங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனால், அங்கிருந்து அயனாவரம் அல்லது கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பார்கள். மேல் பரிசோதனைக்கு ஓட்டேரி அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை, பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே உள்ள கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவை இருக்கின்றன. புற்றுநோய் உறுதியானால் ராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் உண்டு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை காப்பீடு கிடைக்கும். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள திட்ட மையத்தை அணுகுங்கள். இலவச எண் 1800 425 3993. எந்த மருத்துவமனைக்குப் போவது என்ற குழப்பம் இருந்தால் 104ல் கேட்கலாம்.

ஓய்வு பெற்றவர்களில் பலருக்குத் தெரியாத சலுகை ஒன்று: குறைந்தது 5 ஆண்டுகள் இ.எஸ்.ஐ.யில் காப்பீடு பெற்றிருந்து, ஓய்வு வயதில் வேலையிலிருந்து விலகியவர், வருடத்துக்கு ரூ.120 கட்டினால் அவரும் அவர் துணையும் தொடர்ந்து இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி பெறலாம்.

சிகிச்சை உண்டா?

உண்மையைச் சொல்ல வேண்டும். முழுமையாகக் குணமாவது அரிது. ஆனால் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் சரியல்ல. பெமெட்ரெக்செட், சிஸ்பிளாட்டின் என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்த கீமோதெரபி பலருக்கு வாழ்நாளை நீட்டிக்கிறது. நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபியும் இப்போது வந்திருக்கிறது. ஆரம்பத்திலேயே தெரிந்தால் சிலருக்கு அறுவை சிகிச்சையும் செய்யலாம். நீர் திரும்பச் சேராமல் உறையின் இரண்டு அடுக்குகளையும் ஒட்டவைக்கும் சிகிச்சை செய்தால், மூச்சுவிடுவது பெரிதும் சுலபமாகும். வலிக்கும் நல்ல மருந்துகள் உண்டு. வீட்டிலேயே படுத்திருப்பவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் சேவை கிடைக்கும்.

இழப்பீடு: காகிதம் பேசும்

இது விதியால் வந்த நோய் அல்ல, வேலையால் வந்த நோய். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் இ.எஸ்.ஐ. சட்டத்திலும் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் தொழில்நோய்ப் பட்டியலில் இடம்பெற்றவை. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பட்டியல் தொடர்கிறது.

அகமதாபாத் நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரி 27 அன்று தீர்ப்பளித்தது. தொழிலாளியின் உடல்நலம் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்ட பிறகு 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நோய் வர எத்தனை காலமாகும் என்று தெரிந்துதான் இந்தக் கணக்கு. அந்தப் பதிவைக் கேட்டுப் பெற முயலுங்கள்.

இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் கிளை அலுவலகத்தில் ஊனப் பயன், சார்ந்தோர் பயன் பற்றிக் கேளுங்கள். மற்றவர்கள் தொழிலாளர் துணை ஆணையரிடம் இழப்பீடு கோரலாம். பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். எண் 15100.

எல்லாவற்றுக்கும் அடிப்படை பயாப்ஸி அறிக்கை. அது இல்லாமல் "டி.பி.", "மூச்சுத் திணறல்" என்று மட்டும் பதிவாகி ஒருவர் இறந்துவிட்டால், அவர் குடும்பத்தால் பிறகு எதையும் நிரூபிப்பது மிகக் கடினம்.

வீட்டுக் கூரை ஷீட்டை என்ன செய்வது?

"எங்க வீடே ஷீட் வீடுதானே?" என்று கேட்பீர்கள். உடையாமல் உறுதியாக இருக்கும் ஷீட்டிலிருந்து நார் அதிகம் வெளிவராது. அவசரப்பட்டு உடைத்துப் போடுவதுதான் ஆபத்து. அதைத் தேய்க்காதீர்கள், துளையிடாதீர்கள், கிரைண்டரில் வெட்டாதீர்கள். மாற்றும்போது தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணி, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். வாயில் கர்ச்சீப் கட்டினால் போதாது. நுண் தூசியை வடிகட்டும் சுவாசக் கவசம் வேண்டும். விழுந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். உடைந்த துண்டுகளைப் பள்ளம் நிரப்பவோ பாதை போடவோ பயன்படுத்தக் கூடாது. எங்கே கொடுப்பது என்று மாநகராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

இன்றே ஒரு தாளில் எழுதுங்கள்

வீட்டில் பெரியவர் இருந்தால் இன்று மாலை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்:

• எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, எந்த ஊரில், எந்த கம்பெனி அல்லது பட்டறை
• அங்கே கையால் செய்த வேலை என்ன. "ஹெல்ப்பர்" என்று மட்டும் எழுதாதீர்கள். "பிரேக் லைனிங் தேய்த்தேன்", "பாய்லரில் பழைய காப்பு பிரித்தேன்" என்று எழுதுங்கள்
• தூசி எப்படி இருந்தது, முகக்கவசம் கொடுத்தார்களா
• வேலைத் துணியை வீட்டில் யார் துவைத்தது
• கூட வேலை பார்த்த இரண்டு பேரின் பெயர்

இந்தத் தாளுடன் இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். விவரம், பழைய சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வேலை உத்தரவு எது கிடைத்தாலும் சேர்த்து ஒரு உறையில் போடுங்கள். காண்ட்ராக்டில் வேலை பார்த்தவர்களுக்கு எந்தக் காகிதமும் இருக்காது. அவர்களுக்கு அந்த இரண்டு பெயர்கள் ரொம்ப முக்கியம்.

டாக்டரிடம் போகும்போது அந்த உறையை எடுத்துச் செல்லுங்கள். புறநோயாளிகள் பிரிவில் கூட்டம் அதிகம். டாக்டர் "என்ன செய்யுது?" என்று கேட்பார், "முப்பது வருஷத்துக்கு முன்னாடி என்ன வேலை?" என்று கேட்க நேரமிருக்காது. அவர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். "ஐயா, நான் 12 வருஷம் பிரேக் லைனிங் கம்பெனியில இருந்தேன், ஆஸ்பெஸ்டாஸ் தூசி நிறைய" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், தாளையும் கொடுங்கள்.